உம் கொட்டினால் ஒப்புக்கொண்டதா?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு சின்னச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானிய நிறுவனத்தாரோடு பேச உட்காருகிறீர்கள். நீங்கள் பேசப் பேச எதிரே இருப்பவர் "ஹை, ஹை" என்று தலையசைக்கிறார். அகராதியில் "ஹை" என்றால் "ஆம்". அந்த இடத்தில் அது பெரும்பாலும் "கேட்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்பதுதான். கதை கேட்கும்போது நாம் உம் கொட்டுகிறோமே, அதைப் போல. உம் கொட்டியவர் கதையை ஒப்புக்கொண்டார் என்று யாராவது சொல்வோமா? ஆனால் வணிகத்தில் அதை நம்பி ஆர்டர் போட்டுவிடுகிறோம்.

"பரிசீலிக்கிறோம்" என்ற பதிலும் அங்கே பல நேரம் மறுப்புதான். முகத்துக்கு நேரே மறுத்து உறவைக் கசக்கவைக்க அவர்கள் விரும்புவதில்லை. தவிர, முடிவு கூட்டத்தில் பிறப்பதும் குறைவு. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் பேசி ஒப்புதல் திரட்டிவிடுவார்கள். இதை நெமாவாஷி என்பார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள், மரத்தை இடம் மாற்றி நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் வேலை. ஆகவே, சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியே முன்கூட்டியே திட்டத்தைக் கொடுத்து ஐயங்களைக் கேட்டுவிடுங்கள்.

இப்படிச் சொல்ல வந்ததை நேரே சொல்லாமல் சூழலில் பொதிந்து பேசுவோர், வெளிப்படையாகப் பேசுவோர் என்ற வேறுபாட்டை 1976இல் விளக்கியவர் அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால். பயனுள்ள வரைபடம்தான். ஆனால் நாட்டின் பெயரைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிடாதீர்கள்.

கேள்வியை மாற்றுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. "20ஆம் தேதிக்குள் முடியுமா?" என்று கேட்டால், மறுக்கத் தயங்குபவர் "முடியும்" என்றுதான் சொல்வார். "சரக்கு கிளம்புமுன் என்னென்ன வேலை பாக்கி? ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். மூலப்பொருளே இன்னும் வரவில்லை என்பது அப்போது தானாக வெளியே வரும். கேட்டபின் காத்திருங்கள். மௌனம் தாங்காமல் தாமாகவே விலையைக் குறைப்பவர்கள் பலர்.

எண்களிலும் கவனம் வேண்டும். 03/04/2025 அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷாருக்கு ஏப்ரல் 3. ஜெர்மனியில் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு, நமக்கோ ஒன்றரை. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

கூட்டம் முடிந்த அன்றே அரைப் பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: யார், எதை, எந்தத் தேதிக்குள். கடைசி வரியில் "எல்லாம் சரிதானே?" என்று கேட்காதீர்கள், அதற்கும் உம்தான் வரும். "இதில் உங்களுக்குக் கடினமான தேதி எது?" என்று கேளுங்கள்.