ஊருக்குப் புதியவர் என்பது குற்றமா?

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது, வீட்டுக் கதவைத் தாழிட்டோமா என்று எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. நம் ராமநாதபுரம் எல்லைக் கடலோரம், கடத்தல் நடக்கிற மாவட்டம், ஆகவே புதிய முகத்தைக் கண்டால் சந்தேகப்படுவதுதான் பாதுகாப்பு என்றார்.

கடத்தல் நடக்கிறது, மறுக்கவில்லை. யார் தயவில் நடக்கிறது? கடலடியில் ஊரும் உயிரினமான கடல் அட்டையையே எடுத்துக்கொள்வோம். அதைப் பிடிக்க 2001 முதல் தடை. அது கடலுக்கடியில் எந்தப் பாறைத் திட்டில் கிடக்கும் என்று நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவனுக்குத் தெரியுமா? பிடித்ததை அவிக்க அண்டா வேண்டும், உலர்த்த இடம் வேண்டும், இரவோடு இரவாக ஏற்றிப்போகப் படகு வேண்டும். உள்ளூர் ஆள் இல்லாமல் இதில் எது நடக்கும்? உழைத்துப் பிழைக்கும் மீனவரைச் சொல்லவில்லை. அண்டா கொதிக்கும் வீட்டைக் கண்டும் காணாமல் கடந்துபோய், தேநீர்க் கடை வாசலில் போர்வை விற்கும் வடநாட்டுப் பையனிடம் ஆதார் அட்டை கேட்கிறோமே, அதைச் சொல்கிறேன். அவன் பைக் எண்ணைப் படம் பிடித்து, 'உஷார்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, அதே கையோடு நூறு ரூபாய் குறைத்துக் கேட்டுப் போர்வையும் வாங்கிக்கொள்கிறோம். சிரிக்காதீர்கள், வாங்கியவர் இந்த அவையில்தான் இருக்கிறார்.

பிள்ளை பிடிப்பவன் வருவான் என்கிறார்கள். போக்சோ சட்டத்தின் கீழ் வரும் பாலியல் வன்முறை வழக்குகளில், பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லும் கணக்கு இது. மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாமே பிள்ளைக்கு அறிமுகம் செய்துவைத்தவர்கள்.

சந்தேகத்தால் நட்டம் என்ன என்று எதிரணித் தலைவர் கேட்டார். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப்போன ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி செத்தே போனார். அடித்தவர்கள் ரவுடிகள் அல்ல, பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

இங்கே நமக்கு இன்னும் பொறுப்பு அதிகம். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை எங்கெங்கிருந்தோ அழைத்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் கூட்டத்தில் பிரிந்து, கால்போன போக்கில் நடந்து, இருட்டியபின் ஒரு குப்பத்துக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். பேர் சொல்லத் தெரியாது. ஊர் சொல்லத் தெரியாது. கேட்கும் மொழியே புரியாமல் இருக்கலாம். எதிரணி சொல்லும் 'சந்தேகத்துக்கு இடமான நபர்' என்ற அடையாளம் முழுக்க அவருக்குத்தான் பொருந்துகிறது, உண்மையான கடத்தல்காரனுக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை!

கடலில் ஐயம் என்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093 என்ற எண் இருக்கிறது. தாராளமாகக் கூப்பிடுங்கள். நான் எதிர்ப்பது, போலீஸ் வருவதற்குள் நாமே நடத்தும் விசாரணையை.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒரே கேள்வி. தர்காவிலிருந்து வழி தவறி வந்த அந்த மனிதரை இருபது பேர் சூழ்ந்து நின்று 'யார் நீ' என்று கேட்டு, பதில் வராதபோது, முதல் கை ஓங்கும் நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தப் போவது யார்? அதைச் சொல்லிவிட்டு அவர் மற்றதைப் பேசட்டும்.