கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் எழுத்தாளன் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. கணக்குப் பிரிவில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னை இங்கே கூப்பிட்டதற்குக் காரணம், ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த ஒரு பைத்தியம்தான். ஹ்யூகோ விருது வாங்கிய அறிவியல் புனைகதை நாவல்களை, விருது கொடுத்த வருட வரிசையில், ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வருகிறேன். 1953-இல் தொடங்கி இப்போது 1980-க்கு வந்திருக்கிறேன். 27 புத்தகங்கள், நாலு வருடம்.

ஹ்யூகோ என்பது ஒரு மனிதரின் பெயர். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்கா போனவர். 1926-இல் அறிவியல் கதைகளுக்கென்றே தனியாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? வானொலிதான்! வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வானொலிக் கருவிகளை விற்றார், வானொலிப் பத்திரிகை நடத்தினார், நியூயார்க்கில் ஒரு நிலையமே வைத்திருந்தார். ஆகவே இந்த மைக்குக்கு முன்னால் அவரைப் பற்றிப் பேசுவதில் தப்பில்லை. விருதைத் தீர்மானிப்பது பேராசிரியர் குழு இல்லை. வருடா வருடம் நடக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சந்தா கட்டிய வாசகர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஜெயித்தவருக்கு ராக்கெட் வடிவத்தில் ஒரு கோப்பை.

முதல் விருது 1953-இல், பிலடெல்பியா மாநாட்டில், ஆல்ஃபிரட் பெஸ்டர் எழுதிய 'தி டெமாலிஷ்ட் மேன்' நாவலுக்கு. சென்னையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டைக்கு செல்லோடேப் ஒட்டிய ஒரு பிரதி கிடைத்தது. அறுபது ரூபாய். மனதைப் படிக்கத் தெரிந்தவர்கள் போலீஸிலேயே இருக்கும் 24-ஆம் நூற்றாண்டு. அந்த உலகத்தில் ஒருவன் கொலை செய்ய நினைக்கிறான். நினைத்தாலே மாட்டிக்கொள்வான். என்ன செய்கிறான்? பாட்டு எழுதும் ஒரு பெண்ணிடம் போய், ஒருமுறை கேட்டால் மண்டையை விட்டுப் போகாத ஒரு மெட்டை வாங்கிக்கொள்கிறான். அது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதால், அவன் மனதைப் படிக்க வருபவர்களுக்கு அந்தப் பாட்டுதான் கேட்கிறது. விளம்பரப் பாட்டுக்கு இப்படியும் ஒரு உபயோகம்! நம் எல்லார் தலையிலும் பற்பொடி, சோப்பு, ஊறுகாய் என்று நாலைந்து பாட்டு கிடக்கிறது. யோசித்துப் பார்த்தால் நாம் கொஞ்சம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம்.

தலைப்பில் வரும் 'டெமாலிஷன்' ஒரு தண்டனை. அது என்ன என்று ஆசிரியர் கடைசி அத்தியாயம் வரை சொல்லாமல் இழுக்கிறார். என் பிரதியில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "சார், அறுபது ரூபாய்க்கு இவ்வளவு வந்ததே பெருசு" என்றார். நியாயம்தான். இன்னொரு பிரதி கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் இரவு படுத்தால் இதே யோசனை. தூக்கா, விஷ ஊசியா? கடைசியில் பார்த்தால் ஆளைக் கொல்வதே இல்லை. அவன் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிட்டு, ஆளை மறுபடி குழந்தையைப் போல வளர்க்கிறார்கள். அவனிடம் இருந்த திறமை வீணாகக் கூடாதாம். இவ்வளவு யோசித்த அந்த ஆசிரியரின் 24-ஆம் நூற்றாண்டிலும் கணினி பெரிய அலமாரி மாதிரி நின்று கேள்விக்குப் பதிலை அடித்துத் தள்ளுகிறது. இதை வரிசையில் நெடுகப் பார்க்கிறேன். யந்திரங்கள்தான் முதலில் பழசாகின்றன. மனிதர்கள் பொய் சொல்லும் விதம் பழசாவதே இல்லை.

இரண்டாவது விருது 1955-இல். 'தே'ட் ரேதர் பி ரைட்', மார்க் கிளிஃப்டனும் ஃப்ராங்க் ரைலியும் சேர்ந்து எழுதியது. ஹ்யூகோ வாங்கியதிலேயே மோசமான நாவல் என்று பலரும் சொல்லும் புத்தகம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கரு நல்ல கரு. ஒரு யந்திரம் கிழவர்களை இளைஞர்களாக்கித் தருகிறது. ஒரே நிபந்தனை, தன் கருத்துகள் தப்பாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலோர் இளமையை விட்டுக்கொடுப்பார்களே தவிர, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதை விடமாட்டார்கள். இதைச் சொல்ல இத்தனை பக்கம் தேவையில்லை, அவ்வளவுதான் குறை.

சில வருடங்களைத் தாவுகிறேன். 1968-இல் ரோஜர் ஸெலாஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்'. முதல் பக்கத்திலேயே எமன் வருகிறார், அதுவும் யந்திரம் செய்கிற மெக்கானிக்காக! பூமியிலிருந்து கப்பலில் போய் ஒரு கிரகத்தில் குடியேறியவர்களில் முதல் கூட்டம், தங்கள் கருவிகளின் பலத்தால் பிரம்மா, விஷ்ணு, காளி என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்துவிடுகிறது. கீழே இருப்பவர்களுக்கு அச்சு யந்திரம்கூடக் கிடையாது. யாராவது கண்டுபிடித்தால் உடைத்துவிடுவார்கள். வயதானால் புது உடம்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கருவி உங்கள் மனதைத் துழாவி, நீங்கள் அதற்குத் தகுதியா என்று பார்க்கும். அதாவது, கர்மாவை ஒரு ஆபீஸாக ஆக்கிவிட்டார். கோப்பு மேலே போகிறது, குறிப்பு எழுதுகிறார்கள், ஒப்புதல் வந்தால் உடம்பு, வராவிட்டால் நாய்ப் பிறவி. காசு போட்டுப் பிரார்த்தனை செய்யும் யந்திரமும் உண்டு. முப்பத்து நாலு வருடம் கோப்பு பார்த்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் வேறு என்ன வேண்டும்?

இந்தக் கூட்டத்தை எதிர்க்கும் கதாநாயகன் புத்தரின் போதனையை ஆயுதமாக எடுக்கிறான், தான் நம்பாமலே. முதல் அத்தியாயம் கதையின் கடைசிப் பகுதியில் நடக்கிறது என்பது தெரியாமல் நான் நூறு பக்கம் தடுமாறினேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

இந்த நாவலைப் படமாக்க ஒரு திரைக்கதை எழுதினார்கள், படம் நின்றுபோனது. பிறகு 1979-இல் ஈரான் தலைநகர் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் போராட்டக்காரர்கள் பிடித்தபோது, தப்பித்துக் கனடாக்காரர்கள் வீட்டில் ஒளிந்திருந்த ஆறு பேரை வெளியே கொண்டுவர, சி.ஐ.ஏ. இந்தத் திரைக்கதையைத்தான் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டு, சினிமா எடுக்க இடம் பார்க்க வந்தவர்கள் போல நடித்தது. 1980 ஜனவரியில் ஆறு பேரும் பத்திரமாக வெளியேறினார்கள்.

வரிசையில் போனால் ஒரு விஷயம் தானாகக் கண்ணில் படும். 1969 வரை 16 நாவல்கள், எல்லாம் ஆண்கள் எழுதியவை. அவற்றில் பெரும்பாலும் பெண்கள் காபி கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் கடத்தப்படுவார்கள். 1970-இல் அர்சுலா லெ குவின் வருகிறார், 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலோடு. எப்போதும் பனி மூடிய ஒரு கிரகம். அங்கே ஆண், பெண் என்று நிரந்தரமாக யாரும் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் இப்படியோ அப்படியோ ஆவார்கள். ஆகவே ராஜா கர்ப்பமாக இருப்பது அங்கே ஒரு செய்தி, அதிசயம் இல்லை. பூமியிலிருந்து தூதராகப் போனவருக்குத்தான் எல்லாம் குழப்பம்.

எனக்கு அந்தத் தத்துவத்தைவிடப் பிடித்தது பின்பாதி. தூதரும், நாடு கடத்தப்பட்ட ஒரு மந்திரியும், ஒரு சறுக்கு வண்டியில் சாமான்களைக் கட்டி இழுத்துக்கொண்டு, ஏறக்குறைய எண்பது நாள் பனிப்பாறை மேல் நடக்கிறார்கள். ஒரு கூடாரம், ஒரு ஸ்டவ். இன்றைக்கு எத்தனை மைல், மிச்சச் சாப்பாடு எவ்வளவு என்ற கணக்கு. அந்த ஸ்டவ்வைச் சுற்றித்தான் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பப் பழகுகிறார்கள். சென்னை மே மாதத்தில், மின்சாரம் போன ஒரு மத்தியானம், விசிறிமட்டையோடு அதைப் படித்தேன். என் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றாள். வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன்.

27-ஆவது, 1980-இன் விருது: ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. கிளார்க் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-இல் கொழும்பில் காலமானவர். பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு லிஃப்ட் கட்ட வேண்டும் என்பது கதை. அதற்குக் கட்டுமானம் பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும். கிளார்க் பார்த்தார், இலங்கையையே தெற்கே நகர்த்தி ரேகையின் மேல் வைத்துவிட்டு, தாப்ரோபேன் என்ற பழைய பெயரைக் கொடுத்துவிட்டார். சிகிரியா பாறைக்கோட்டை வேறு பெயரில் வருகிறது. லிஃப்ட்டுக்குத் தோதான மலை என்று அவர் தேர்ந்தெடுத்தது சிவனொளிபாதமலையின் சாயல் கொண்ட மலை. சிக்கல் என்னவென்றால், உச்சியில் ஒரு பௌத்த மடம். பிக்குகள் இடம் தரமாட்டேன் என்கிறார்கள்.

நான் அந்த நிஜ சிவனொளிபாதமலை ஏறியிருக்கிறேன், சுற்றுலா போனபோது. இரவு இரண்டு மணிக்கு ஆரம்பித்து, படி படியாக, முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்து ஏறினேன். பக்கத்தில் சிங்களப் பாட்டிகள் பாடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். உச்சியில் இருக்கும் பாதச்சுவடு புத்தருடையது என்பவர்கள், சிவனுடையது என்பவர்கள், ஆதாமுடையது என்பவர்கள், எல்லாரும் ஒரே படியில்தான் மூச்சு வாங்கினோம். விடிந்ததும் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக, அளவெடுத்து வரைந்த மாதிரி விழுந்தது. நாவலில் அந்த மடத்துக்கும் இஞ்சினியருக்கும் நடக்கும் வழக்கைப் படிக்கும்போது, நியாயமாக நான் இஞ்சினியர் பக்கம் இருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. முழங்கால் பிக்குகள் பக்கம் நின்றது. முடிவில் பட்டாம்பூச்சிகள் வந்து தீர்ப்புச் சொல்கின்றன. எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை.

அடுத்தது 1981, ஜோன் விஞ்சின் 'தி ஸ்னோ குவீன்'. தடிமனான புத்தகம், போன வாரம்தான் கிடைத்தது. வாங்கும்போதே கடையில் வைத்துக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டேன். இருக்கிறது. வணக்கம்.