கழித்துவிட்ட காமெட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். அந்தக் காலத்து பிரிட்டனில் ஒரு விமான நிறுவனத்தை 'இன்டிபென்டன்ட்' என்றால், அது அரசுக்குச் சொந்தமில்லை என்று பொருள். 1946-ல் வந்த சட்டம், கால அட்டவணைப்படி விமானம் விடும் உரிமையை அரசு நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டது. தனியாருக்கு மிஞ்சியது, விமானத்தை மொத்தமாக வாடகைக்கு விடும் சார்ட்டர் பயணங்களும், துருப்புகளை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தங்களும்தான். 1960-ல் வந்த சட்டத்தில்தான் அந்தப் பிடி தளர்ந்தது.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் யுனைடெட் என்ற தனியார் விமான நிறுவனம் துணிந்து, இன்னும் பறந்தே பார்க்காத 'ஒன்-லெவன்' ஜெட்டில் பத்து வேண்டுமென்று முதல் ஆர்டர் கொடுத்தது. 1963-ல் சோதனைப் பறப்பில் முதல் விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். குறையைச் சரிசெய்து, 1965 ஏப்ரலில் ஒன்-லெவன் பயணிகளோடு பறந்தது.

சரி, எனக்குப் பிடித்த கதை இதுவல்ல. டேன்-ஏர் கதைதான். லண்டன் கப்பல் தரகர்களான 'டேவிஸ் அண்ட் நியூமன்' தொடங்கிய நிறுவனம் அது. மூன்று சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் 'டேன்'. 1966-ல் அவர்கள் வாங்கிய முதல் ஜெட், அரசு நிறுவனமான பி.ஓ.ஏ.சி. கழித்துவிட்ட 'காமெட் 4' என்ற பயணிகள் விமானம்.

காமெட் எரிபொருளைக் குடிக்கும். அது தெரிந்தேதான் வாங்கினார்கள். அவர்களுடைய பிழைப்பு, கோடையில் ஸ்பெயின் கடற்கரைகளுக்குச் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிப் போவது. குளிர்காலத்தில் வேலை குறைவு. கடன் வாங்கிய புது விமானம் சும்மா நின்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மலிவாக வந்த பழைய விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் நெருக்கி நெருக்கி நூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள் போட்டார்கள். முழங்கால் இடித்திருக்கும், டிக்கெட் மலிவு!

உலகில் எங்கே காமெட் விலைக்கு வந்தாலும் டேன்-ஏர் வாங்கியது. இப்படிச் சேர்ந்தவை நாற்பதுக்கும் மேல். எல்லாம் பறக்கவில்லை, பல ஹாம்ப்ஷயரிலுள்ள லாஷம் தளத்தில் உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டன. உற்பத்தி நின்றுபோன விமானத்துக்கு வேறு எங்கே போய்ப் பாகம் தேடுவது? என்னைக் கேட்டால், டேன்-ஏரின் கெட்டிக்காரத்தனம் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை எகிறியது, கணக்கு உதைத்தது. 1980 நவம்பர் 9-ல் கடைசி காமெட், விமானப் பிரியர்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. அந்த விமானம் இப்போது ஜெர்மனியில் ஹெர்மஸ்கைல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதுவும் செகண்ட் ஹேண்ட்தான்; பிரிட்டிஷ் விமானப்படையிடம் வாங்கியது.