மலை மெட்டு ஏறினால் கொதிக்கிறது, இறங்கினால் திக்குகிறது: ஜீப் ஓட்டும் தம்பியின் போனுக்கு என்ன ஆச்சு?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு விரிவாக எடுத்துக்கொள்கிறேன். கம்பம், கூடலூர், போடி, குமுளிப் பக்கம் பலருக்கும் இதே தொல்லை இருக்கிறது.

கேள்வியைப் படித்துவிடுகிறேன். "அண்ணே, கம்பத்திலிருந்து கேரளாவின் வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். ஆண்ட்ராய்டு போன், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ், மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். அழைப்பு வந்தால் எடுக்கிற பட்டன் தெரியவே நேரமாகிறது. தினமும் கிளீனர் ஆப் ஓட்டுகிறேன், திறந்திருக்கும் ஆப்களை எல்லாம் தள்ளிவிடுகிறேன். ஒன்றும் தேறவில்லை. மெட்டு ஏறினால் போன் கொதிக்கிறது. ரீசெட் போடவா, புது போனே வாங்கிவிடவா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. போன் எப்போது ஸ்லோ ஆகிறது என்று முதலில் பாருங்கள். கேமராவும் காண்டாக்ட் லிஸ்டும் கால்குலேட்டரும் திறக்கத் தாமதமானால் அது போனின் கோளாறு. யூடியூபும் மேப்பும் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் அது நெட்டின் கோளாறு. தமிழ்நாட்டு சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்திருந்தால் கேரளாவுக்குள் போனதும் நெட் நின்றுவிடலாம். அதையும் போன் தலையில் போட்டுவிடுகிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு தொல்லை சேர்ந்திருக்கிறது. கீழே இருக்கும்போது ஒன்று, மலையில் இன்னொன்று.

கீழே உள்ளதை முதலில் பார்ப்போம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து பாருங்கள். 64-இல் 60-க்கு மேல் நிரம்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போனில் இருக்கும் ஃப்ளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு கட்டத்தை மொத்தமாக அழித்த பிறகுதான் எழுத முடியும். அந்தக் கட்டத்தில் வேண்டிய தகவல் பாதி இருந்தால், அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். ஜீப்பில் ஆளை அடைத்து ஏற்றிய பிறகு நடுவில் உட்கார்ந்த ஒருவர் இறங்க வேண்டுமென்றால், நாலு பேர் இறங்கி ஏற வேண்டும் அல்லவா, அதே கதைதான். காலி இடம் குறையக் குறைய இந்த இறங்கி ஏறும் வேலை கூடும். ஒரு மெசேஜ் வந்து பதிவாவதற்கே போன் திக்கும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

எங்கே அடைந்து கிடக்கிறது என்று தேடவே வேண்டாம், வாட்ஸ்அப்தான். நம் பக்கம் எந்த குரூப்பைத் திறந்தாலும் புற்றடி ஏலக்காய் ஏலத்தின் விலைப் படம், போடி ஏலத்தின் விலைப் படம், அதையே நாலு பேர் மறுபடி அனுப்பியது, அப்புறம் தமிழிலும் மலையாளத்திலும் காலை வணக்கம். நேற்றைய ஏலக்காய் விலை இன்றைக்கு எதற்கு? வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்டு டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். பலமுறை ஃபார்வர்டு ஆனவை ஒரு பக்கமும், 5 எம்பிக்கு மேல் உள்ளவை ஒரு பக்கமும் பிரித்தே வைத்திருப்பார்கள். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். அதே இடத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடியும் அடைந்துவிடும்.

போட்டோவில் மட்டும் கவனம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் கூகுள் கணக்கில் இருக்கும் பிரதியும் சேர்ந்து போகும். இடம் வேண்டுமென்றால் அதிலேயே ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று இருக்கிறது, அதை அழுத்துங்கள். அழித்த படங்கள் 'பின்' (Bin) என்ற குப்பைத் தொட்டியில் 30 நாளோ 60 நாளோ கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

அடுத்தது, ஆப்களைத் தள்ளிவிடுவது. இதை நிறுத்துங்கள். ராமை, அதாவது ஓடும் ஆப்கள் தங்கும் மெமரியை, காலியாக வைத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. வாட்ஸ்அப்பைத் தள்ளிவிட்டால், அடுத்த முறை அது ஸ்டோரேஜிலிருந்து முழுதாக எழுந்து வர வேண்டும். அதற்குத்தான் நேரமும் பேட்டரியும் அதிகம் போகும். இடம் தேவைப்பட்டால் ஆண்ட்ராய்டே பழைய ஆப்பை மூடிக்கொள்ளும். ஏதாவது ஒரு ஆப் உறைந்து நின்றால் அதை மட்டும் தள்ளுங்கள். கிளீனர், பூஸ்டர் என்று இருப்பதை எல்லாம் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். நீங்கள் மூடிய ஆப்களுக்குப் பதிலாக அந்த ஆசாமி பின்னால் உட்கார்ந்து விளம்பரம் காட்டிக்கொண்டிருப்பான்.

கேஷ் (cache), அதாவது ஆப்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பதை, அழிக்கலாமா என்றும் கேட்பார்கள். கிளியர் கேஷ் ஆபத்தில்லை, ஆனால் கொஞ்ச நாளில் மறுபடி சேரும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளியர் டேட்டா வேறு விஷயம். பேக்கப் இல்லாமல் வாட்ஸ்அப்பில் அதைத் தொட்டால் பழைய சாட் எல்லாம் போய்விடும். ஜிபே, போன்பே மாதிரி ஆப்பில் தொட்டால் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.

சரி, மலைக்கு வருவோம். கம்பம்மெட்டு ஏறும்போது வளைவுக்கு வளைவு டவர் போய்ப் போய் வரும். சிக்னல் தேய்ந்தால் போன் தன் பக்கத்துச் சக்தியைக் கூட்டி டவரைப் பிடிக்கப் பார்க்கும். தமிழ்நாட்டு நம்பர் ஒன்று, கேரளா நம்பர் ஒன்று என்று இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டும் தேடும். இது போதாதென்று கண்ணாடிக்குக் கீழே வெயில் படும் ஸ்டாண்டில் போன், சார்ஜரில் மாட்டியபடி மேப். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் மற்றதும் கெடாமல் இருப்பதற்காக. ஆகவே மலையில் ஸ்லோ ஆனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். அதைக் குறை சொல்லாதீர்கள்.

ஏறும்போது தேவைப்படாத சிம்மை செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள். போனில் 5ஜி இருந்து, அது வருவதும் போவதுமாக இருந்தால் 4ஜியில் நிறுத்துங்கள். தினம் போகிற பாதைக்கு மேப் தேவையே இல்லை. புது எஸ்டேட்டுக்குப் போவதென்றால் கம்பத்திலேயே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். சார்ஜும் மேப்பும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருந்தால் கவரைக் கழற்றிவிட்டு நிழலில் வையுங்கள். கொதிக்கும் போனைக் குளிர்விக்கிறேன் என்று ஐஸ் பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் அதோடு சரி.

இவ்வளவுக்குப் பிறகும் கீழே இருக்கும்போது திக்கினால் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். நிறைய போன்களில் பவர் ஆஃப் என்பதை விரல் எடுக்காமல் அழுத்தினால் கேட்கும். அதில் நாம் இறக்கிய ஆப் எதுவும் ஓடாது. அப்போது வேகமாக இருந்தால் ஏதோ ஓர் ஆப்தான் குற்றவாளி, கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். முக்கியமாக, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று பெயர் போட்டு ஏபிகே என்னும் ஆப் ஃபைல் வந்து, அதை இன்ஸ்டால் செய்திருந்தால் உடனே நெட்டை அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிவிட்டு, அந்த ஆப்பை நீக்குங்கள். அப்படிப்பட்ட ஆப் எஸ்எம்எஸ் ஓடிபியைத் திருடி அனுப்பும். ஸ்லோ அங்கே சின்ன விஷயம்.

புதிதாகச் சிஸ்டம் அப்டேட் போட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். போன் சும்மா இருக்கும்போது, அதுவும் சார்ஜில் இருக்கும்போது, ஆப்களைத் தனக்கேற்றபடி மறுபடி தயார் செய்துகொள்ளும். டெவலப்பர் ஆப்ஷனில் அனிமேஷனை 0.5 ஆக்குவது பற்றியும் சிலர் சொல்வார்கள். கண்ணுக்கு வேகம் தெரியும், வேலை அதே வேகம்தான். செய்தால் தப்பில்லை.

ரீசெட் கடைசி. அதற்கு முன் வாட்ஸ்அப் பேக்கப் எடுத்தாயிற்றா, கூகுள் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிக்கிடக்கும் போனை பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கையோ லாக்கையோ கேட்கும், இல்லாமல் உள்ளே விடாது. போனின் முதுகு மூடி லேசாக எழும்பியிருந்தால் இது எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடாமல் நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால் 128 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டோரேஜ் எந்த வகை, இஎம்எம்சியா (eMMC), யுஎஃப்எஸ்ஸா (UFS) என்று கேளுங்கள். யுஎஃப்எஸ் வேகமானது, கடைக்காரர் சொல்லாவிட்டால் கம்பெனியின் தளத்தில் போட்டிருப்பார்கள். பெட்டியில் ராம் 4+4 என்று எழுதியிருந்தால் அந்த இரண்டாவது 4 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. விலை பேசும்போது அதை 8 என்று கணக்குப் போடாதீர்கள்.

குமுளியிலிருந்து ஒரு அக்கா ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதை அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.