வகுப்புக் குழுவில் அப்பாவின் எண்

தருமபுரி பண்பலை நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களும் சமூக வலைத்தளங்களும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் போனும் கையுமாகவே இருக்கிறார்கள் என்ற புலம்பலைத்தான் எதிர்பார்ப்பீர்கள். அதற்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பத்து இலக்கக் கைபேசி எண்ணைப் பற்றி.

ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் தொடங்கியபோது ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும்தான். பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே போகலாம். பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டது 2006 செப்டம்பரில். ஃபிஸ் என்று அமெரிக்க மாணவர்கள் பயன்படுத்தும் செயலிக்கும் கல்லூரி மின்னஞ்சல்தான் நுழைவுச்சீட்டு. நம்ம பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் அப்படித் தனி மின்னஞ்சலை வைத்துப் புழங்கும் மாணவர்கள் குறைவு. வாட்ஸ்அப் வகுப்புக் குழுதான் எல்லாம். அதில் சேர எண் வேண்டும். சேர்ந்ததும் அந்த எண் குழுவில் உள்ள அத்தனை பேர் கண்ணிலும் படும்.

முதலாம் ஆண்டு தொடங்கியதும் வகுப்பு லீடர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முதல் பெஞ்சில் கொடுப்பார். பையன்கள் பக்கம் அது வேகமாக நகரும். பெண்கள் பக்கம் போனதும் மெதுவாகும். பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். சிலர் அண்ணன் எண்ணை எழுதுவார்கள், சிலர் அப்பா எண்ணை. அந்த அப்பா ராயக்கோட்டையில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியே கிளம்பியிருப்பார். "நாளைக்கு இன்டர்னல், மூணாவது யூனிட்டும் உண்டு" என்று பத்து மணிக்கு வரும் செய்தி அவர் சட்டைப்பையில் கிடக்கும். மகள் இரண்டு யூனிட் மட்டும் படித்துவிட்டுக் காலையில் பஸ் ஏறுவாள். கேட்டால், "குரூப்ல போட்டோமே" என்பார்கள்.

சரி, சொந்த எண்ணையே கொடுத்தால்? நடுராத்திரியில் ஒரு "ஹாய்" வரும். அப்புறம் "நான் யார்னு கண்டுபிடி". பிளாக் செய்தால் வேறு எண்ணிலிருந்து வரும். வீட்டில் சொன்னால் தொந்தரவு கொடுத்தவனுக்கு ஒன்றும் ஆகாது, இவள் போன்தான் பறிபோகும். அதோடு படிப்புக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கமாட்டாள். எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

இன்ஸ்டாகிராமில் கல்லூரிப் பெயரை வைத்து, மாணவர்கள் பெயர் சொல்லாமல் மனதில் உள்ளதைக் கொட்டுவதற்காக நடக்கும் கன்ஃபெஷன் பக்கங்கள் இன்னொரு தலைவலி. பெயர் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் யிக் யாக் என்று பெயர் சொல்லாமல் எழுதும் செயலி 2013இல் வந்தது. 2015இல் மிசௌரியில் அதில் கொலைமிரட்டல் போட்ட மாணவரைப் போலீஸ் தேடிப் பிடித்துவிட்டது. சக மாணவருக்குத்தான் பெயர் தெரியாது தம்பி, கம்பெனியிடம் தடயம் இருக்கும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது உண்டு. வகுப்புக் குழுவை டெலிகிராம் செயலிக்கு மாற்றினால், அதன் தனியுரிமை செட்டிங்ஸுக்குப் போய், எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி வைக்கலாம். எண்ணை வைத்து உங்களைத் தேடுவது யார் என்ற இடத்திலும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். இதை மட்டும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பை விட முடியாதென்றால் அதிலேயே கம்யூனிட்டி என்ற வசதியில் அறிவிப்புக் குழு இருக்கிறது. அதில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மினுக்குத் தெரியும். அட்மினாக ஒரு ஆசிரியை இருக்கட்டும். தொந்தரவு வந்தால் செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெண்கள் மீதான சில வகை இணையக் குற்றங்களுக்கு மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

ஆனால் குழுச் செய்தியை அப்பா போனில் படிக்கிற பிள்ளைக்கு எந்த செட்டிங்ஸும் உதவாது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுத் தேதியை வகுப்பு முடிவதற்குள் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் குழுவில் போடுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாடப்பகுதியைக் கூட்ட வேண்டாம். நோட்டீஸ் போர்டிலும் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள், அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.