கண்ணைத் தறிக்குள் வைத்தவர்

நடுவர் அவர்களே, பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. 'சிறுதொழிலை நிலைநிறுத்துவது முதலாளியின் கண்ணா, எழுதி வைத்த முறையா?' என்பது தலைப்பு. முறைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் 'பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்' என்று ஆரம்பித்து, ஜப்பான்காரன் முறையெல்லாம் நம்ம பட்டறைக்கு ஒத்து வராது என்று முடித்தார். நீங்களும் கை தட்டினீங்க. தட்டலாம், நல்ல பழமொழிதான். ஆனால் அதில் பார்க்கணும் என்று இருக்கிறதே தவிர, முதலாளி ஒருத்தரே எல்லாத்தையும் பார்க்கணும் என்று எங்கே இருக்கிறது?

முதல்ல கண்ணுக்கே தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்றேன். ஒரு பனியன் கம்பெனி ஆர்டரில் 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம் நிற்கிற டி-ஷர்ட் நிட் துணி. வந்து இறங்கியது 190. கையில் தடவிப் பார்த்தால் 'துணி நல்லா கனமா இருக்குதுங்க' என்று சந்தோஷப்படுவோம். துணியை வாங்குவது கிலோவில், சட்டையை வெட்டுவது பரப்பளவில். ஒரு டன் 180 துணியில் 5,555 சதுர மீட்டர் கிடைக்கும். அதே ஒரு டன் 190-இல் 5,263 தான். கழிவோடு சேர்த்துச் சட்டைக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தால், டன்னுக்கு 290 சட்டை காணாமல் போச்சு. திருட்டும் இல்லை, தீயும் இல்லை. கட்டிங் மாஸ்டர் கடைசி ரோலை விரிக்கும்போதுதான் துணி பத்தாதது தெரியும். அன்றைக்கு அவரைத் திட்டுவதுதான் முதலாளி கண் செய்கிற ஒரே வேலை.

முறை என்ன செய்யும்? வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு ஒன்று வெட்டி, சின்னத் தராசில் வைக்கணும். 1.80 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். 1.90 என்றால் லாட்டைத் தனியாக வைத்து, கட்டிங்குக்கு விடாமல், அன்றைக்கே சாயப்பட்டறைக்கும், துணியை அமுக்கிச் சுருக்கத்தை எடுக்கிற காம்பாக்டிங்குக்கும் போன் போடணும். இதை ரோல் வாரியாக ஒரு நோட்டில் எழுதணும். பத்தில் ஒரு பங்கு கிராமை எந்தப் பரம்பரைக் கண்ணும் பார்க்காதுங்க. அதே நோட்டில் ரோலைப் பிரித்துப் போட்ட நேரத்தையும் குறிக்கணும். நிட் துணி ஒரு நாளாவது இளகிக் கிடந்த பிறகுதான் விரித்து வெட்டணும். அவசரத்தில் வந்த சூட்டோடு வெட்டினால், வெட்டிய பிறகு துணி சுருங்கும். அளவுச் செக்கிங்கில் 'எம்' சைஸ் சட்டை 'எஸ்' பக்கம் நிற்கும்.

ஜப்பான் முறை என்று கேலி செய்தீங்களே, அது எங்கே ஆரம்பித்தது தெரியுமுங்களா? காரில் இல்லை, தறியில். விசைத்தறி ஓட்டுகிற சோமனூர்க்காரருக்கும் பல்லடத்துக்காரருக்கும் சொந்தக்கதை மாதிரி இருக்கும். சக்கிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அப்படி நிற்காத தறி என்றால் அறுந்த நூலைத் தேடிக்கொண்டு தறிக்கு முன்னாலேயே ஆள் நிற்கணும். கொஞ்சம் கண் அசந்தால் நெய்தது பூராவும் பழுது. அவர் அந்தக் கண்ணை எடுத்துத் தறிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு ஒரே ஆள் பல தறியைப் பார்க்க முடிந்தது. அந்தத் தறிக் கம்பெனியில் 1933-இல் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1937-இல் தனிக் கம்பெனி ஆனதுதான் டொயோடா மோட்டார். முதலாளி கண் வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. அதை மெஷினிலும் சுவரிலும் நோட்டிலும் குடிவைக்கச் சொல்கிறோம்.

இப்போ தையல் லைனுக்கு வாங்க. ஆறு டேபிள், ஒரு பீஸுக்கு ஒவ்வொரு டேபிளிலும் ஒரு நிமிஷ வேலை. 50 பீஸ் கட்டாக நகர்த்தினால் முதல் கட்டு செக்கிங்குக்கு வர 300 நிமிஷம், அதாவது அஞ்சு மணி நேரம். இரண்டாவது டேபிளில் ஓவர்லாக் தையல் தவறாகப் போகிறது என்று வைங்க. செக்கிங் அக்கா அதைப் பார்ப்பதற்குள் அந்த டேபிள் 250 பீஸைத் தப்பாகத் தைத்து முடித்திருக்கும். கட்டை 10 பீஸாகக் குறைங்க. ஒரு மணி நேரத்தில் தவறு தெரியும், பிரிக்க வேண்டியது 50 பீஸ். மெஷின் அதேதான், ஆளும் அதேதான். செலவு கூடுதலாகக் கொஞ்சம் கட்டுக் கயிறு.

எதிரணியில் ஒருத்தர் 'கையில் ஆர்டர் இருந்தா எல்லாத்தையும் ஒரே நேரத்தில் ஃப்ளோரில் இறக்கிவிடணும், அப்பத்தான் யாரும் சும்மா உட்கார மாட்டாங்க' என்றார். அவர் ஊரில் வாய்க்கால் பாசனம் இல்லை போலிருக்கு. பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீரை ஏன் நாலு மண்டலமாகப் பிரித்துச் சுழற்சியில் விடுகிறார்கள்? எல்லா மடையையும் ஒண்ணாத் திறந்தால் கடைமடைக்கு ஈரம்கூடப் போகாது. 'முறை' என்கிற சொல் நமக்கு ஜப்பானில் இருந்து வரலைங்க, நம்ம முறைத்தண்ணியிலேயே இருக்குது. லைனில் பாதி வேலையாக 12,000 பீஸ் கிடக்கிறது, ஒரு நாளைக்கு 1,000 பீஸ்தான் வெளியே போகிறது என்றால், இன்றைக்கு உள்ளே விடுகிற பீஸ் வெளியே வர 12 நாள். கிடப்பை 4,000 ஆக்கினால் நாலே நாள். ஜான் லிட்டில் என்கிற அமெரிக்கர் 1961-இல் இதைக் கணக்காக நிரூபித்தார். நம்ம ஊர் நீர்பாய்ச்சிக்கு அது முன்னாடியே தெரியும்.

எங்கள் பக்கத்து ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொன்னதாக இருக்கக் கூடாது. தவறு தெரிந்தவுடன் லைனை நிறுத்து என்று போர்டில் எழுதிவிட்டு, கூலியைப் பீஸ் ரேட்டில் கொடுத்தால் ஒருத்தரும் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அவர் கூலிதானே போகும்? நிறுத்திய நேரத்துக்கு அவருடைய சராசரிக் கூலியைக் கணக்கில் சேர்க்கணும். 'யார் நிறுத்தினது' என்று கேட்பதை விட்டு 'எதனால் நின்றது' என்று கேட்கணும். இன்னொன்று, டேபிளில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள். அங்கே தமிழில் ஒரு பக்கம் விதிமுறை ஒட்டுவது சுவருக்கு அழகு, அவ்வளவுதான். சரியான தையல் ஒன்று, தவறான தையல் ஒன்று, நிஜத் துணியிலேயே தைத்து டேபிளுக்கு நேரே தொங்கவிடணும். ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று முந்தின ராத்திரி ஃபைல் எழுதுகிற கம்பெனிகளை எதிரணி கேலி செய்தால் நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அது முறை இல்லைங்க, வேஷம்.

ஜி.டி. நாயுடுவைச் சொன்னீங்க. சொல்லுங்க, கோவையில் அவரைச் சொல்லாமல் யாரைச் சொல்ல? 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே பஸ், ஓட்டியவரும் அவரே. அங்கே முதலாளி கண் போதும். யு.எம்.எஸ்., அதாவது யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்று பஸ் படையே ஆன பிறகு எல்லா ஸ்டியரிங்கையும் அவரா பிடித்தார்? எதிரணி முதல் பஸ்ஸோடவே இறங்கிவிட்டது.

மீதி இருப்பது 'கேளாத கடன்'. கேட்க வாய் மட்டும் பத்தாதுங்க, தாள் வேணும். 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்கிற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வரணும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கில் குறை என்றால் இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லணும். ஜாப் ஒர்க் எடுக்கிற எத்தனை பேரிடம் தேதியும் கையெழுத்தும் உள்ள டெலிவரி செலான் இருக்கிறது? 'நம்ம ஆளுங்க, குடுத்துருவாரு' என்று செலானே போடாமல் அனுப்பியது யார் கண்?

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்கார்ந்துக்கறேன். தைப்பூசத்துக்கு முதலாளி பழனிக்கு நடந்து கிளம்புகிறார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். மூணாம் நாள் காலையில் மேஜையில் மூன்று ஆர்டர் கிடக்கிறது. எதை முதலில் லைனுக்கு விடுவது என்று எங்கள் அணிக் கட்டிங் மாஸ்டர் சுவரைப் பார்ப்பார். உங்கள் அணிக் கட்டிங் மாஸ்டர் எங்கே பார்ப்பாருங்க?