நீலக் குதிரைவீரனும் அரூப ஓவியமும்

நேயர்களுக்கு வணக்கம். பொருள்களின் உருவத்தைக் காட்டாமல் வண்ணத்தாலும் வடிவத்தாலுமே பேசும் அரூப ஓவியத்தின் பிறப்பைப் பேசும்போது, ரஷ்யாவிலிருந்து மியூனிக்கிற்கு வந்து குடியேறிய வாசிலி காண்டின்ஸ்கி என்ற ஓவியர் ஒருவரின் பெயரோடு நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. அவருடைய பங்கு பெரியதுதான். ஆயினும், ‘நீலக் குதிரைவீரன்’ என்ற சிறு கலைஞர் வட்டத்தினர் கூடிக் கற்றதும் விவாதித்ததும் இல்லாமல் அந்த மாற்றம் நிகழ்ந்திருக்காது என்பதே என் உறுதியான கருத்து.

1908-இல் காண்டின்ஸ்கி, கேப்ரியேலே மூன்ட்டர், யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் ஆகிய ஓவியர் நால்வரும் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊரான மூர்னாவில் சேர்ந்து வரைந்தார்கள். மறு ஆண்டு அங்கே வீடு வாங்கிய மூன்ட்டர், அவ்வட்டாரத்து மக்கள் போற்றிவந்த கண்ணாடி ஓவியங்களைச் சேகரித்ததோடு, அவற்றைத் தீட்டும் முறையை உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடமே கற்றுக்கொண்டார். கண்ணாடியின் பின்புறத்தில் முதலில் கறுப்புக் கோடுகளை இட்டு, பிறகு அவற்றுக்கிடையே வண்ணத்தை நிரப்பும் அந்த முறையில், ஒளியும் நிழலும் காட்டி உருவத்துக்குத் திரட்சி கொடுப்பதற்கு அதிக இடமில்லை. எனவே வண்ணம் தட்டையாக, தன் வலிமையிலேயே ஒளிர்கிறது. காண்டின்ஸ்கியும் இதைப் பின்பற்றிக் கண்ணாடியில் தீட்டினார். வண்ணம் பொருளிடமிருந்து விடுபடத் தொடங்கிய இடங்களுள் மூர்னாவை முதன்மையானதாகவே நான் கருதுகிறேன்.

அடுத்த தூண்டுதல் இசையிலிருந்து வந்தது. 1911 ஜனவரியில் மியூனிக்கில் ஆர்னால்டு ஷோன்பெர்கின் இசைநிகழ்ச்சியைக் காண்டின்ஸ்கியும் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்கும் நண்பர்களோடு கேட்டார்கள். பழகிய சுருதி ஒழுங்கைக் கைவிட்ட பின்னும் இசை இசையாகவே நிற்பதைக் கேட்ட காண்டின்ஸ்கி, அதன் பின் தீட்டிய ‘இம்ப்ரெஷன் 3’ என்ற ஓவியத்தில், பியானோவின் கரிய வடிவத்தைச் சுற்றி மஞ்சள் நிறம் அரங்கையே நிரப்பிப் பெருகுகிறது.

அதே ஆண்டு டிசம்பரில், அவர் சார்ந்திருந்த கலைஞர் சங்கத்தின் தேர்வுக்குழு அவருடைய ‘காம்பொசிஷன் 5’ ஓவியத்தை அளவைக் காரணம் காட்டி மறுத்தபோது, அவரும் மார்க்கும் மூன்ட்டரும் விலகினார்கள். டிசம்பர் 18-ஆம் தேதி, அச்சங்கத்தின் கண்காட்சி நடந்த அதே தான்ஹவுசர் கூடத்தில், நீலக் குதிரைவீரனின் முதல் கண்காட்சி திறக்கப்பட்டது. மறுக்கப்பட்ட ஓவியமும் அங்கே இடம்பெற்றது. அம்மாதமே வெளிவந்த, கலையின் ஆன்மிகம் பற்றிய காண்டின்ஸ்கியின் நூல், நம் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையையும் மதிப்புடன் குறிப்பிடுகிறது. 1912-இல் காண்டின்ஸ்கியும் மார்க்கும் பதிப்பித்த தொகுப்பில் குழந்தைகளின் சித்திரங்களும் பவேரியக் கண்ணாடி ஓவியங்களும் நவீன ஓவியங்களும் இசைக்குறிப்புகளும் ஏற்றத்தாழ்வின்றி அருகருகே அச்சாயின. அந்தச் சமமதிப்பே இவர்களுடைய ஆகப் பெரிய துணிவு.

1914-இல் வந்த போர் இவ்வட்டத்தைச் சிதறடித்தது. ரஷ்யக் குடிமகனான காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. இவ்வட்டத்து ஓவியர் ஆகஸ்ட் மாக்கே அவ்வாண்டே களத்தில் மாண்டார். மார்க் 1916-இல் வெர்டன் அருகே மாண்டார். பின்னர் நாஜி ஆட்சி இத்தகைய கலையைச் ‘சீரழிந்த கலை’ என்று தூற்றிய காலத்தில், காண்டின்ஸ்கி விட்டுச்சென்ற ஓவியங்களை மூர்னாவ் வீட்டின் நிலவறையில் மறைத்துக் காத்தவர் மூன்ட்டர். 1957-இல், தமது எண்பதாவது பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் மியூனிக்கின் லென்பாக் ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவரைக் காண்டின்ஸ்கியின் மாணவி, துணைவி என்று மட்டும் எழுதிச்செல்லும் நூல்கள், அந்த ஓவியங்கள் தோன்றுவதற்கும் பிழைத்திருப்பதற்கும் அவர் ஆற்றிய பங்கை இனியேனும் முழுமையாகச் சொல்ல வேண்டும்.